அந்த நோட்டில் ‘நான்’ யார்

பிறர் எழுதியதை நம்பாமல் இருப்பதற்காக அரசாங்கம் எனக்கு முப்பத்திரண்டு வருடம் சம்பளம் கொடுத்தது. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன் வேலை என்பது அதுதான். ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால், மை ஒன்றா இரண்டா, நடுவில் தாள் கிழிக்கப்பட்டிருக்கிறதா, தேதியின் மேல் தேதி எழுதியிருக்கிறதா என்றுதான் கண் போகும். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட எந்த அச்சகம் என்றுதான் முதலில் பார்க்கிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் குறை.

இப்போது என் பழைய நாற்காலியில் இருப்பவர் போன மாதம் வந்திருந்தார். கையில் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு உயில் ஒன்றின் நகல். “பிரெஞ்சு தெரிஞ்ச வாத்தியாரு ஒருத்தரு அர்த்தம் சொன்னாரு சார், எழுதிட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாமுங்களா?” என்றார். அர்த்தம் தெரிந்தால் போதும் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்திருந்தேன். அதனால் விருத்தாசலத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை அவரிடம் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே முழுவதும் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன். பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிவதற்கு முன்பே பள்ளிப்படிப்பை அவர்கள் மொழியில் முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். அந்தப் படங்களில் வரும் பெண் ஜன்னலோரம் நிற்பாள். சிகரெட் பிடிப்பாள். புருஷனுக்குத் தெரியாமல் கடிதம் எழுதி, அதைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள். கடைசியில் விஷம் குடிப்பாள், இல்லாவிட்டால் ஆற்றில் இறங்குவாள். நூலகத்தில் எடுத்துப் படித்த நாவல்களிலும் அவளேதான் இருந்தாள். பதினேழு வயதில் அதையெல்லாம் பார்த்தவன், படித்தவன், பிரெஞ்சில் காதல் என்றால் அது புருஷனை ஏமாற்றுவது என்றும், பிரெஞ்சுக் கதை படிக்கும் பெண்ணை நம்ப முடியாது என்றும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் பிறகு நான் செய்தது விளங்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நீதித்துறையில் நகல் எழுத்தராகச் சேர்ந்தேன். சிதம்பரத்தில் கொஞ்சகாலம், விழுப்புரத்தில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு விருத்தாசலம் வந்தேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் பீங்கான் சூளைகள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கோர்ட்டு ஜன்னல் விளிம்பில்கூட வெள்ளையாகத் தூசி படியும். என் பணிப்பதிவேட்டில் ‘அறிந்த மொழிகள்’ என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று இருக்கும். அந்த மூன்றாவது சொல்லை வருடக்கணக்காக யாரும் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தவர் ஒரு மாஜிஸ்திரேட். பெண்ணாடத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு வயது வந்துவிட்டதா என்று வழக்கு. காரைக்காலில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் வருடத்தின் கடைசி எண்ணை எல்லோரும் ஏழு என்று படித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று போடும்போது முன்னால் ஒரு நீளக் கோடு இழுப்பார்கள், அது நம் கண்ணுக்கு ஏழு மாதிரித் தெரியும். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். அதே சான்றிதழில் வேறு இடத்தில் குறுக்குக் கோட்டோடு ஒரு ஏழு இருந்ததை எடுத்துக் காட்டினேன். பெண் ஆறு வயது மூத்தவளாகி வழக்கு முடிந்தது. அதிலிருந்து பிரெஞ்சு என்றால் என் மேசைக்கு வரும். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அந்த மாஜிஸ்திரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்த மாட்டார். எந்தக் காகிதத்தையும் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே மர ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எங்கேயாவது சுரண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் படிப்பார். சாட்சி, வக்கீல், குமாஸ்தா யாராக இருந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “இது நீங்க பார்த்ததா, நினைச்சதா?” அவரிடம் ஒரு வார்த்தை பாராட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை. வீட்டில் அவர் மனைவி வைத்த குழம்பையும் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார் என்று எங்களுக்குள் பேச்சு.

அறுபதுகளின் கடைசியில் அவர் முன்னால் ஒரு ஜீவனாம்ச மனு வந்தது. மனுதாரர் பெயர் ரெஜினா என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரி கிறிஸ்தவக் குடும்பம், கன்னியர் நடத்திய பள்ளியில் பிரெஞ்சில் படித்தவர். அவரைக் கட்டிக்கொண்ட சூசைநாதன் விருத்தாசலத்தில் சொந்தச் சூளை வைத்திருந்தார். மின்சார பியூஸ், ஊறுகாய் ஜாடி இரண்டும் செய்வார். பதினோரு வருடத்துக்குப் பிறகு ரெஜினா மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அடித்தார் என்று மனுவில் இருந்தது. சூசைநாதன் பதிலில், அடித்ததை மறுக்கக்கூட இல்லை. மனைவிக்கு வேறொருவனோடு உறவு, அதனால் ஜீவனாம்சம் கேட்க உரிமை இல்லை என்பதுதான் அவர் பதில். சாட்சியமாக ஒரு நீல அட்டை நோட்டைத் தாக்கல் செய்தார். முழுவதும் பிரெஞ்சு. ரெஜினாவின் கையெழுத்து.

நோட்டு என்னிடம் வந்தது. வேலை முறை இப்படி: ஆவணம் பதிவறையை விட்டு வெளியே போகக்கூடாது. தலைமை எழுத்தர் இரும்பு அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து, என் எதிரிலேயே பக்கங்களை எண்ணிக் கொடுப்பார். சாயங்காலம் அதேபோல் எண்ணித் திரும்ப வாங்குவார். முழுத்தாளை நீளவாக்கில் மடித்து இடப்பக்கம் மூலத்தின் பக்க எண், வரி எண். வலப்பக்கம் தமிழ். மூலத்தில் அடித்திருந்தால் ‘அடிக்கப்பட்டுள்ளது’ என்று எழுத வேண்டும். வாசிக்க முடியாத சொல்லுக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஊகித்து நிரப்பக்கூடாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் சுருக்கக் கையெழுத்து. கடைசியில், என் அறிவுக்கு எட்டியவரை உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு என்று எழுதி முழுக் கையெழுத்து.

ஒன்பது நாள் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கச் சூசைநாதன் சொல்வதுதான் சரி என்று பட்டது. ‘நேற்று உன் வாசல்வரை வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டாமல் திரும்பிவிட்டேன். உன் காலடிச் சத்தம் எனக்கு மட்டுமே தெரியும். ஊரில் பேசுகிறார்கள், பேசட்டும்.’ இப்படி முப்பது பக்கத்துக்கு மேல். பின்னால் பதினோரு பக்கங்களில் கையெழுத்து கொஞ்சம் சிறுத்துச் சாய்ந்திருந்தது. அங்கேயும் காதல்தான். ஜன்னலோரம் நின்ற பெண்ணை எனக்குத் தெரியும் அல்லவா? அவள் நேராக விருத்தாசலத்துக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வழியில் ஒன்று கண்ணில் பட்டது. பிரெஞ்சில் ‘நான் வந்தேன்’ என்று எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்பது எழுத்திலேயே தெரியும். பெண் எழுதினால் சொல்லின் கடைசியில், இங்கிலீஷில் ‘ஈ’ என்று சொல்லும் எழுத்து ஒன்று கூடும். ‘நான் களைத்துப்போனேன்’, ‘நான் தனியாக இருந்தேன்’ எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நோட்டின் முதல் முப்பது பக்கத்தில் ‘நான்’ வரும் இடங்களில் அந்த எழுத்து இல்லை. ‘நீ’ வரும் சில இடங்களில் இருந்தது. பெண்பிள்ளை, அவசரத்தில் எழுதியது, சேர்க்க வேண்டிய இடத்தில் விட்டு, விட வேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறாள் என்று தள்ளிவிட்டேன். தமிழில் எழுதும்போது பிரச்சினையே இல்லை. ‘வந்தேன்’ என்றால் யார் வந்தாலும் ‘வந்தேன்’தானே.

மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்த அன்று, சூசைநாதன் வக்கீல் அதைக் கூண்டில் நின்ற ரெஜினாவுக்கு எதிரில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். சின்ன ஊர், கோர்ட்டு நிறைய ஆள். ‘உன் காலடிச் சத்தம்’ என்ற இடத்தில் பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அடுத்த வாய்தாவுக்கு அவர் வரவில்லை. ரெஜினா தனியாக பஸ்ஸில் வந்து போனார்.

“எழுத்து உங்களுதுதானே?” என்றார் வக்கீல்.

“எழுத்து என்னுதுதாங்க. சங்கதி என்னுது இல்ல. ஒரு நாவல்லேருந்து பார்த்து எழுதினது.”

“எந்த நாவல்? கொண்டாங்க பார்ப்போம்.”

“அது அண்ணனோட சிநேகிதரு வூட்டுப் பொஸ்தகம். அவங்க குடும்பத்தோட பிரான்சுக்குப் போயிட்டாங்க. திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிக்கிட்டேன்.”

“உங்க வூட்ல வேற நாவல் ஏதாவது இருக்குதா?”

“இருந்துதுங்க. ஒரு பெட்டி நெறைய. சூளையில போட்டுட்டாரு.”

மாஜிஸ்திரேட் சூசைநாதன் பக்கம் திரும்பினார். “போட்டீங்களா?”

“போட்டேங்க,” என்றார் சூசைநாதன். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார். “அட்டையில பூரா பொம்பளை படம். வேலை செய்யற ஆளுங்க எடுத்துப் பார்த்துச் சிரிச்சானுங்க. எனக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க ஐயா. ஆனா அதை வச்சி எழுதும்போது இவ மூஞ்சி வேற மாதிரி ஆவும். எங்கிட்ட பேசும்போது அந்த மூஞ்சி கெடையாது. எனக்கு அது போதும்.”

நாவல் என்ற கதையை அன்று அந்தக் கோர்ட்டில் யாரும் நம்பவில்லை. நான் நிச்சயமாக நம்பவில்லை.

வக்கீல் அதோடு நின்றிருந்தால் ஜெயித்திருப்பார். கடைசிப் பதினோரு பக்கம் வேறு கையெழுத்து, அது அந்த ஆள் எழுதிய பதில், மாதிரிக் கையெழுத்து எடுத்து ஒப்பிட வேண்டும் என்று மனுப் போட்டார். மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். நோட்டிலிருந்து ஐந்து வாக்கியங்களை நான் தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும், ரெஜினா கோர்ட்டிலேயே அவற்றை எழுத வேண்டும் என்று உத்தரவு.

ஒரு சின்ன மேசை போட்டார்கள். நான் முதல் பாகத்திலிருந்து வாக்கியங்களை நிதானமாக வாசித்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மொழியை வாய்விட்டுச் சொல்கிறேன், நாக்கு புரளவில்லை. ரெஜினா தலை நிமிராமல் எழுதினார். தாளைக் கையில் வாங்கினேன். அசல் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ‘நான் வந்தேன்’, ‘நான் களைத்துப்போனேன்’, ‘நான் தனியாக இருந்தேன்’. மூன்றிலும் கடைசியில் அந்த எழுத்து கூடியிருந்தது. காதால் கேட்டு எழுதும்போது, கேட்ட ‘நானை’ இயல்பாகத் தன் ‘நானாக’ எழுதியிருக்கிறார். பிழையே இல்லை. அப்படியானால் நோட்டிலும் பிழை இல்லை. அங்கே ‘நான்’ என்பவன் ஓர் ஆண். ‘நீ’ என்பவள் பெண். இவருடைய வார்த்தையாக இருக்கவே முடியாது.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம். உண்மையான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. வேலை போனாலும் போகும். இரண்டு நாள் கழித்து மாஜிஸ்திரேட்டின் அறைக்குப் போய், எழுதி எடுத்துப் போயிருந்த விளக்கத்தைக் கொடுத்தேன். ஸ்கேலை வைத்துக் கடைசி வரிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வித்தியாசத்தை நீங்க இப்பத்தான் பார்த்தீங்களா?”

“இல்லிங்க ஐயா. முதல்லயே பார்த்தேன்.”

“ஏன் எழுதல?”

“பிழைன்னு நெனச்சேன்.”

“யாருடைய பிழை?”

“அந்தம்மாவோட பிழை.”

விளக்கத்தாளை மேசையில் வைத்தார். “மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா? பார்த்ததை எழுதாம, நினைச்சதை வச்சு பார்த்ததை அழிச்சிருக்கீங்க.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இது பகிரங்கமா வரணும். சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லுங்க. அதோட, கடைசிப் பதினோரு பக்கத்துல ‘நான்’ ஆணா பெண்ணான்னு வரிவரியா ஒரு பட்டியல் தயார் பண்ணுங்க. அதுல ஒரு எழுத்து விட்டாலும் நான் வேற மாதிரி நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்,” என்றார்.

அந்தப் பட்டியல் போட்டபோதுதான் கஷ்டம் தொடங்கியது. கடைசிப் பதினோரு பக்கத்தில் ‘நான்’ பெண். ஒவ்வொரு இடத்திலும் அந்த எழுத்து தவறாமல் இருந்தது. ‘நீ’ ஆண். முதல் பாகம் ரெஜினாவைக் காப்பாற்றினால் கடைசிப் பாகம் மூழ்கடித்துவிடும். போதாததற்கு அங்கே ஒரு வரி: ‘உன் சட்டைக் கையில் அந்த வெள்ளைத் தூசி. நீ போன பிறகும் என் தோளில் அது இருந்தது.’ வெள்ளைத் தூசி பிரான்சு நாவலில் எங்கிருந்து வரும்? பதிவறை ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். ஆள் இந்த ஊர்க்காரன், சூளையில் வேலை செய்பவன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை மட்டும் எழுதவில்லை. எழுத்துகளை எழுதினேன்.

கூண்டில் ஏறினேன். நான் சொல்லி முடித்ததும் சூசைநாதன் வக்கீல் எழுந்தார்.

“நீங்க எந்த ஊரு?”

“புதுச்சேரிங்க.”

“அந்தம்மா?”

“புதுச்சேரி.”

“போன மாசம் ஒரு மொழிபெயர்ப்பு, இந்த மாசம் ஒண்ணு. நடுவுல உங்களை யாரு வந்து பார்த்தாங்க?”

“யாரும் பார்க்கலிங்க.”

“ஆம்பளை எழுதறது, பொம்பளை எழுதறது, ரெண்டையும் சத்தமாப் படிங்க.”

படித்தேன். இரண்டும் ஒரே சத்தம்தான். அந்த எழுத்து கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. கோர்ட்டில் மறுபடியும் சிரிப்பு. என் முகம் எரிந்தது. தாளில் பெரிதாக இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

“மாதிரிக் கையெழுத்து குடுக்கும்போது அந்தம்மா வேணுமின்னே மாத்தி எழுதியிருக்கலாமே ஐயா,” என்றார் வக்கீல்.

“வேணும்னு மாத்த அவங்களுக்குத் தெரியும்னா, நோட்டுல விட்டதும் தெரிஞ்சுதான் விட்டிருக்கணும்,” என்றார் மாஜிஸ்திரேட். “மேல போங்க.”

வக்கீல் மேலே போனார். ரெஜினாவை மறுபடி கூண்டில் ஏற்றி, கடைசிப் பதினோரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

“இதுவும் பார்த்து எழுதினதுதானா?”

“இல்லிங்க. இது நான் எழுதினது.”

ரெஜினாவின் வக்கீலே தலையைக் குனிந்துகொண்டார்.

“அதான் கையெழுத்து வேற மாதிரி இருக்குது. அது பார்த்து எழுதினது, இது யோசிச்சி எழுதினது,” என்றார் ரெஜினா. “அந்த நாவல்ல கடுதாசி பூரா அவன் எழுதறதுதான். அவ பதில் ஒண்ணுகூட கெடையாது. அவளும் எழுதினாள்னு அவனே சொல்றான், ஆனா என்ன எழுதினாள்னு பொஸ்தகத்துல இல்ல. கடைசியில ஆத்துல வுழுந்து செத்துடறா. அவன் ரெண்டு பக்கம் அழுவறான். எனக்கு மனசு கேக்கல. அவ என்ன எழுதியிருப்பாள்னு நான் எழுதிப் பார்த்தேன்.”

“இந்த மாதிரிக் கதையில பொம்பளைங்க என்னதான் பண்ணுவாங்க?” என்றார் வக்கீல், கேலியாக.

“ஆசைப்படுவாங்க. அப்புறம் செத்துப்போயிடுவாங்க.”

“எல்லாருமேவா?” இதைக் கேட்டவர் மாஜிஸ்திரேட்.

“நான் படிச்ச வரைக்கும் எல்லாரும்தாங்க ஐயா. ஆறு, இல்லன்னா வெஷம். சினிமாவுலயும் அதான். அவ மூஞ்சிய கிட்டக்கப் போயிப் போயிக் காட்டுவாங்க. அவ எதைப் பார்க்கறாள்னு திருப்பிக் காட்ட மாட்டாங்க.”

நானும் அதே கொட்டகையில்தான் அந்தப் படங்களைப் பார்த்தவன். எனக்கு அது தோன்றியதே இல்லை.

வக்கீல் விடவில்லை. தூசி வரியைப் படித்தார். “பிரான்சுல ஏதும்மா வெள்ளைத் தூசி? சூளையில வேலை செய்யற ஆளுதானே? பேரைச் சொல்லிடுங்க.”

ரெஜினா வக்கீலைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சூசைநாதனைப் பார்த்தார். “கல்யாணம் ஆன புதுசுல, சூளையிலேருந்து நேரா அடுப்பங்கரைக்கு வருவாரு. கைகூடக் கழுவ மாட்டாரு. என் பொடவை பூரா வெள்ளையாவும். எனக்குத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தருதாங்க. அவளுக்குப் பதிலா எழுதணும்னா நான் வேற எதை வச்சி எழுதறது?”

சூசைநாதன் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவருடைய வக்கீல் வேறு கேள்வி இல்லை என்றார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. தவறான நடத்தை நிரூபிக்கப்படவில்லை, ஜீவனாம்சம் உண்டு. தீர்ப்பில் ஒரு பத்தி என்னைப் பற்றி. மொழிபெயர்ப்பாளர் ஓர் இலக்கணக் குறிப்பை விட்டதால் மனுதாரர் பகிரங்கமாக அவமானப்பட நேர்ந்தது என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனமும் ஏறியது. அதற்கு நான் மேல்முறையீடு செய்யவில்லை. அதன் பிறகு தமிழில் காட்ட முடியாத ஒவ்வொன்றையும் அடிக்குறிப்பில் எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. சக எழுத்தர்கள் என் மொழிபெயர்ப்பைப் பார்த்து, மேலே நாலு வரி கீழே நாற்பது வரி என்று கேலி செய்வார்கள்.

ஆனால் அந்தத் தூசி வரி என்னை விடவில்லை. ரெஜினா சொன்னது உண்மையாக இருக்கலாம். கூண்டில் நின்றபடி அந்த நிமிஷம் கட்டிய பதிலாகவும் இருக்கலாம். அவ்வளவு பொருத்தமான பதிலை எங்கள் தொழிலில் யாரும் சும்மா நம்ப மாட்டோம்.

சில மாதம் கழித்து நோட்டைத் திரும்பக் கேட்டு ரெஜினா மனுப் போட்டார். முறைப்படி ஒரு ஆவணம் அதைத் தாக்கல் செய்தவருக்குத்தான் திரும்பப் போகும், அதாவது சூசைநாதனுக்கு. அவரிடம் ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் போனது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தார். அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

ரெஜினா ஒரு மத்தியானம் வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பக்கங்களை எண்ணிக் கொடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் தூசி வரி… நெசமாவே உங்க வூட்டுக்காரருதானா?”

கையெழுத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கோபம் இல்லை. “பதினோரு வருசமா இதே மாதிரித்தான் சார் அவரு கேட்டுக்கிட்டிருந்தாரு. அவருக்காவது கேக்க ஒரு பாத்தியதை இருந்துது,” என்றார். நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாவுது, போயிட்டு வரேங்க,” என்று படியிறங்கினார். பதிவேட்டை மூடினேன்.

அதற்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு நகல் பிரிவில் ஒரு விண்ணப்பம் வந்தது. விண்ணப்பதாரர் சூசைநாதன். நோட்டு போய்விட்டாலும் என் தமிழ் மொழிபெயர்ப்பு கோர்ட்டுக் கட்டில்தான் இருந்தது. அதில் கடைசிப் பதினோரு பக்கத்துக்கு மட்டும் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேல்கோர்ட்டுக்குப் போகிறார் என்று முடிவு கட்டினேன். அதோடு இணைத்திருந்த ‘நான்’ பட்டியலை இன்னொரு முறை வரிவரியாகச் சரிபார்த்தேன். ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டு, முத்திரை வைத்துத் தயார் செய்தோம்.

வாங்க வந்தபோது அவர் கொஞ்சம் இளைத்திருந்தார். வேலை வேளையில் நேராக வந்திருக்கிறார், முழங்கைவரை மண். நகலைக் கொடுப்பதற்கு முன், எந்தக் கோர்ட்டுக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

“அப்பீலுக்குங்களா?” என்றேன்.

“இல்லிங்க.”

“வக்கீலு கேட்டாரா?”

“இல்லிங்க. அவருக்குத் தெரியாது.”

“பின்ன எதுக்குன்னு எழுதறது?”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகலுக்காக நீட்டினார்.

“படிக்கத்தாங்க,” என்றார்.

பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. ‘சொந்த உபயோகம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் தாள்களை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகும் ஆறு மாதம், மேல்கோர்ட்டு நோட்டீஸ் வரும் என்று தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை.